முட்டிக்கு முன்னால் ஒரு ஊமை எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்காருங்கள்.

இயந்திர வரைபடம் வரைந்து பிழைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வார்ப்படத்தில் எங்கே எது துருத்திக்கொண்டு நின்றாலும் ஆங்கிலத்தில் அதற்குத் தனித்தனியாகப் பெயர் உண்டு. துளையைச் சுற்றி வட்டமாக மேலெழும்பி நின்றால் 'பாஸ்'. பக்கவாட்டில் காது மாதிரி நீட்டிக்கொண்டால் 'லக்'. (ஸ்காட்லாந்துக்காரர்கள் நிஜக் காதையே 'லக்' என்றுதான் சொல்கிறார்கள்.) தண்டில் படி மாதிரி தடித்தால் 'ஷோல்டர்'. மோதிரம் மாதிரி சுற்றி வந்தால் 'காலர்'. கையால் திருப்புகிற குமிழ் 'நாப்'. அந்தக் குமிழ் வழுக்காமல் இருக்க லேத்தில் வைத்து ஏற்றுகிற சொரசொரப்பு 'நர்லிங்'. வெல்டிங் வைத்த இடத்தில் புழு ஊர்ந்த மாதிரி நிற்கிற தடிப்பு 'பீட்'.

புனே பக்கம் வந்த நாளிலிருந்து இந்தச் சொற்களோடுதான் எனக்குக் குடித்தனம். பம்ப், லம்ப், ஹம்ப், பல்ஜ், நாட், நக்கிள் என்று வெளியே இருப்பவற்றையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். ஒரு மொழிக்குப் புடைப்பைச் சொல்ல எதற்கு இத்தனை சொல் என்று தோண்டப் போனால், இங்கிலாந்தின் வரலாறே கிடைக்கிறது. யார் எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள், யார் அச்சடித்தார்கள், யார் எதை இழந்தார்கள் எல்லாம் இந்தப் புடைப்புகளுக்குள்ளே இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதியும் அதில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முழங்காலில் இருந்து ஆரம்பிப்போம். ஆங்கிலத்தில் அது 'நீ'. எழுதும்போது கே, என், ஈ, ஈ. வீட்டில் குழந்தைக்கு டிக்டேஷன் போடுகிற எல்லா அப்பா அம்மாவும் ஒருநாள் இந்தக் கேள்வியில் மாட்டியிருப்பீர்கள். "படிக்கறப்ப கே இல்லையே, எதுக்கு எழுதணும்?" பெரும்பாலும் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம்.

ஆனால் இந்தக் 'கே' ஒரு குடும்ப அடையாளம். விரல் மடக்கினால் துருத்துகிற முட்டி 'நக்கிள்'. கதவுக் குமிழ் 'நாப்'. கயிற்று முடிச்சு 'நாட்'. சிறு குன்று 'நோல்'. மரத்தின் கணுவைக் குறித்த பழைய சொல்லில் இருந்து வந்த நம்ம லேத் 'நர்லிங்'. எல்லாவற்றுக்கும் முன்னால் வாய் திறக்காத ஒரு 'கே' நிற்கிறது. எல்லாமே புடைத்தோ திரண்டோ நிற்கிற பொருள்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் முழங்காலைக் ககர ஒலியோடுதான் சொன்னார்கள், ஏறக்குறைய 'க்னேயோ' என்று. ஜெர்மானியர்கள் இன்றைக்கும் 'க்னீ' என்றே வாய்விட்டுச் சொல்கிறார்கள். முடிச்சு அவர்களுக்கு 'க்னோட்டன்'. குமிழுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் 'க்னோப்ஃப்'. ஆங்கிலத்தில் இந்த ககர ஒலி தேய்ந்து மறைந்தது பதினேழாம் நூற்றாண்டில். அதாவது ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட அது முழுக்க ஓய்ந்துவிடவில்லை. ஆனால் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் முதல் அச்சகத்தைப் போட்டது 1476இல். அச்சுக்கோர்ப்பவர்கள் கைப்பழக்கத்தில் எழுத்துகள் மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்தன. எழுத்து அங்கேயே நின்றுவிட்டது, நாக்கு மட்டும் நகர்ந்து போய்விட்டது. அதனால்தான் கூப்பிடும்போது இல்லாத ஒரு எழுத்து, எழுதும்போது மட்டும் முன்னால் வந்து நிற்கிறது.

இப்படி ஒரு எழுத்தை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே? ஆமாங்க, நம்ம இனிஷியல்தான். வீட்டில் யாரும் அதைச் சேர்த்துக் கூப்பிடுவதில்லை. தெருவில் கூப்பிடுவதில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வந்து நிற்கும். சிலருக்கு அதற்கும் முன்னால் ஊர்ப் பெயரின் முதலெழுத்து. அந்த ஊரில் இப்போது சொந்தக்காரர் யாரும் இல்லாமல் போயிருக்கலாம், தாத்தாவே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எழுத்து மட்டும் கூடவே வருகிறது. முழங்காலுக்கு முன்னால் நிற்கிற 'கே' அந்த மாதிரி ஒரு ஊர்ப்பெயர். ஜெர்மனிப் பக்கம் இன்னும் குடியிருக்கிற பங்காளிகளை அடையாளம் காட்டுகிற எழுத்து.

பங்காளிகள் ஜெர்மனியோடு நிற்கவில்லை. லத்தீனில் முழங்கால் 'கெனு', கிரேக்கத்தில் 'கோனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு'. எல்லாம் ஒரே வேர். நம்மூரில் வாட்டசாட்டமான ஆளைப் பார்த்தால் "ஆஜானுபாகுவா இருக்கார்" என்பார்களே, அதற்கு முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவர் என்று அர்த்தம். நடுவில் இருக்கிற 'ஜானு'வும் டிக்டேஷன் நோட்டில் இருக்கிற முழங்காலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழுக்குள் அது சமஸ்கிருதம் வழியாக விருந்தாளியாக வந்தது. நம் சொந்தச் சொல் முழங்கால், முட்டி.

சரி, வாய் திறக்காத எழுத்தெல்லாம் பரம்பரைச் சொத்தா என்றால், இல்லை. கட்டைவிரலைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'தம்'. எழுதும்போது கடைசியில் ஒரு 'பி' வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அது வெறும் 'தூமா'. அதில் 'பி' கிடையாது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ எழுதப்போய் அது ஒட்டிக்கொண்டது. கை கால்களைக் குறிக்கிற 'லிம்' என்ற சொல்லின் 'பி'யும் அப்படிப் பின்னால் வந்து ஒட்டியதுதான். கடலுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிற தீவு, 'ஐலண்ட்'. அதில் ஒரு ஊமை 'எஸ்' இருக்கிறதல்லவா? லத்தீன் வழிப் பிறந்த வேறொரு சொல்லின் பிள்ளை இது என்று தப்பாக எண்ணி, பதினாறாம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் சொருகியது. அது அசல் ஜெர்மானியச் சொல். இல்லாத பரம்பரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருந்த எழுத்தையும் தொலைத்தது. வண்டிச் சக்கரத்தின் நடுவே புடைத்து நிற்பதை நாம் குடம் என்கிறோம். ஆங்கிலத்தில் அதன் பழைய பெயர் 'நேவ்'. தொப்புளைக் குறிக்கிற 'நேவல்' அதன் உடன்பிறப்பு. சமஸ்கிருதத்தில் 'நாபி' என்றால் தொப்புளும் உண்டு, சக்கரத்தின் குடமும் உண்டு. அந்தக் குடத்தில் துளை போடுகிற கருவிக்கு 'நாகர்' என்று பெயர் இருந்தது. ஒன்று என்பதைக் குறிக்க முன்னால் ஒரு 'எ' போடுவார்கள் இல்லையா? 'எ நாகர்' என்று சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் அதை 'அன் ஆகர்' என்று பிரித்துவிட்டார்கள். நகரம் போயே போச்சு. இன்றைக்கும் தச்சுப் பட்டறையில் அது 'ஆகர்'தான். கிரிக்கெட் அம்பயரும் இதே மாதிரி நகரத்தைத் தொலைத்தவர். ஒரு காலத்தில் அவர் 'நம்பயர்'.

ஆக மூன்று விதம். எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிற முழங்கால். இல்லாத எழுத்தை ஏந்திக்கொண்டு நிற்கிற கட்டைவிரல். இருந்ததைத் தொலைத்துவிட்ட ஆகர். வெளியூரில் வாழ்கிற நம் குடும்பங்களிலும் இந்த மூன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டைவிரலைச் சொன்னதும் ஒரு கிளைக்கதை. 'தம்' என்ற சொல்லின் வேருக்குப் பருத்தல், வீங்குதல் என்று பொருள். மருத்துவர் சொல்கிற 'ட்யூமர்' அதே வேர், லத்தீன் வழியாக வந்தது. கிழங்கைக் குறிக்கும் 'ட்யூபர்' அப்படியே. தொடையைக் குறிக்கும் 'தை'யும் அதே வேர்தான். ஆயிரத்தைக் குறிக்கும் 'தௌசண்ட்' என்பதைப் 'பருத்த நூறு' என்று விளக்குகிறார்கள் மொழியறிஞர்கள். தமிழில் கட்டைவிரலுக்கு இன்னொரு பெயர் பெருவிரல். இரண்டு மொழிக்கும் இதில் உறவு எதுவும் கிடையாது. இரண்டு கூட்டமும் தன் தன் கையைப் பார்த்தது. அந்த ஒரு விரல் மட்டும் குண்டாக இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்து பைகள். 1066இல் நார்மன்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் சாரைசாரையாக வந்து இறங்கின. அப்படி வந்தவற்றில் ஒன்று 'பல்ஜ்'. இன்றைக்கு அதற்குப் புடைப்பு என்று அர்த்தம். வந்தபோது அதற்குத் தோல்பை என்றுதான் அர்த்தம். பிரான்ஸில் ரோமானியர்களுக்கு முன்பிருந்தே வாழ்ந்த கால் இனத்தவரின் சொல் 'புல்கா', தோல்பை. லத்தீன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், பிரெஞ்சு அதை வாங்கிக்கொண்டது, அங்கிருந்து ஆங்கிலம். நிரம்பிய பை புடைக்கும் என்பதால், நாளடைவில் பை போய்ப் புடைப்பு நின்றது. கப்பலின் அடிவயிறு கொஞ்சம் புடைத்திருக்கும், அதற்குப் 'பில்ஜ்' என்று பெயர். அங்கே தேங்குகிற நாற்றத் தண்ணீருக்கும் அதே பெயர்.

இதே வேரின் ஜெர்மானியக் கிளை ஏற்கெனவே இங்கிலாந்தில் குடியிருந்தது. பழைய ஆங்கிலத்தில் தோல்பைக்குச் சொன்ன ஒரே சொல்தான் பின்னால் இரண்டாகப் பிரிந்து, வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி'யும் கொல்லன் துருத்தியைக் குறிக்கும் 'பெல்லோஸ்'உம் ஆனது. துருத்தி என்ற நம் சொல்லை யோசித்துப் பாருங்கள். தோல்பைக்கும் அதே சொல், கொல்லன் உலையில் ஊதுவதற்கும் அதே சொல். வடக்கே இருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் தங்கள் பங்குக்குப் 'பில்லோ' என்ற சொல்லைக் கொடுத்தார்கள், புடைத்தெழும் அலை என்று. ஒரே குடும்பம், மூன்று கப்பலில் மூன்று தடவை வந்து இறங்கி, ஒருவரை ஒருவர் தெரியாமலே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறது.

அந்தக் குடும்பத்தில் பெரிய உத்தியோகத்துக்குப் போன பிள்ளை ஒன்று உண்டு. 'புல்கா'வுக்குப் பிரெஞ்சில் ஒரு செல்லப் பெயர், 'பூஜெத்', சின்னத் தோல்பை. பதினைந்தாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. வந்து ரொம்ப நாள் பையாகவே இருந்தது. 1733இல் பிரிட்டனின் நிதியை நிர்வகித்த ராபர்ட் வால்போல் கொண்டுவந்த வரித் திட்டத்தைக் கிண்டல் செய்து ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. சந்தையில் போலி மருந்து விற்கிறவன் பையைத் திறந்து கடை விரிப்பது மாதிரி இவர் பையைத் திறக்கிறார் என்று நக்கல். அந்த நக்கல் அப்படியே நிலைத்துப்போய், நாட்டின் வரவுசெலவுத் திட்டத்துக்கே பெயராகிவிட்டது. ஆமாம், 'பட்ஜெட்'தான். கப்பலின் அடியில் நாறுகிற பில்ஜும், நாடாளுமன்றத்தில் வாசிக்கிற பட்ஜெட்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இந்தியாவுக்கு அந்தச் சொல் 1860இல் வந்தது. முந்தைய கலகத்தின் செலவில் காலியாகிப்போன கஜானாவைச் சரிக்கட்ட ஜேம்ஸ் வில்சன் என்பவரை லண்டன் அனுப்பிவைத்தது. எகானமிஸ்ட் பத்திரிகையை 1843இல் ஆரம்பித்தவர் அவர். இந்தியாவின் முதல் பட்ஜெட்டையும் அதோடு வருமான வரியையும் கொண்டுவந்துவிட்டு, அதே வருஷம் ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துபோனார். மாசா மாசம் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டிய மனிதர்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் ஒரு தமிழர், கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 2019 ஜூலை 5 அன்று மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், நிதியமைச்சர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் தோல்பெட்டியை விட்டுவிட்டு, சிவப்புத் துணியில் சுற்றிய கட்டாக அதைக் கொண்டுவந்தார். வடக்கே வியாபாரிகள் கணக்கு எழுதுகிற 'பஹி காத்தா' மாதிரி. 2021இல் அந்தச் சிவப்பு உறைக்குள் காகிதத்துக்குப் பதில் டேப்லெட் வந்தது. பை போய்ப் பெட்டி, பெட்டி போய் மறுபடியும் துணி உறை. 'பட்ஜெட்' என்ற சொல்லுக்குத்தான் தன் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திருக்கும்.

உத்தியோகம் மாறிய இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். கையை மடக்கினால் தோளுக்குக் கீழே புடைக்கிறதே, அந்தச் சதைக்கு 'மசில்'. லத்தீனில் அதற்குச் 'சுண்டெலி' என்று அர்த்தம். தோலுக்கு அடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். எலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'மவுஸ்', பிள்ளையாரின் மூஷிகம், ஜிம்முக்குப் போய் ஏற்றுகிற 'மசில்', மூன்றும் ஒரே வம்சம்.

இன்னொன்று, மேலே சொன்ன வெல்டிங் 'பீட்'. மணி என்று அர்த்தம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது பிரார்த்தனையைக் குறித்த சொல். ஜபமாலையை உருட்டிப் பிரார்த்தனையை எண்ணினார்கள். எண்ணி எண்ணி, பிரார்த்தனையின் பெயர் மணிக்கு வந்துவிட்டது. மணியிலிருந்து உருண்டு திரண்ட எல்லாவற்றுக்கும் போனது. ஷெட்டில் முகமூடி போட்டுக்கொண்டு வெல்டர் போடுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் ஒரு பழைய பிரார்த்தனை.

பொத்தான் கதையும் சுவாரசியம். பிரெஞ்சில் 'பூத்தோன்' என்றால் மொட்டு. செடியை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வருவதால் அந்தப் பெயர். சட்டையில் மொட்டு மாதிரி நிற்பதும் அதே பெயர் பெற்று, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'பட்டன்' ஆனது. அதே சொல் போர்ச்சுகலுக்கும் போய் 'பொத்தாவ்ங்' ஆனது. போர்ச்சுகீசியர்கள் நம் கரைக்கு வந்தார்கள். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் கொடுத்த கையோடு பொத்தானையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு வெள்ளைக்காரன் பட்டனைக் கொண்டுவந்தான். "பொத்தான்தான் தமிழ், பட்டன் இங்கிலீஷ்" என்று நாம் பிள்ளைகளைத் திருத்துகிறோம். இரண்டும் ஒரே மொட்டு, வேறு வேறு கப்பல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே மாதிரி ஒலித்தால் உறவு என்று முடிவுகட்டக் கூடாது. வரைபடத்தில் வருகிற 'பாஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, வீக்கம், கூன் என்று பொருள். ஆபீசில் வருகிற 'பாஸ்' டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 'பாஸ்', எஜமானர் என்று பொருள். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. (மேனேஜர்களுக்குத் தொப்பை இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது.)

இந்த எச்சரிக்கை நம் பக்கம்தான் அதிகம் தேவைப்படுகிறது. மேடு, ஆங்கில 'மவுண்ட்' ரெண்டும் ஒன்றுதான், மொட்டும் 'பட்'டும் ஒன்றுதான் என்று ஆரம்பித்து, ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று முடிக்கிற மின்னஞ்சல்கள் வருஷா வருஷம் சுற்றுகின்றன. வெளியூரில் இருப்பவர்கள்தான் அதை ஆசையாக அனுப்புகிறோம். ஏன் என்று புரிகிறது. பிள்ளை இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் வளர்கிறது. அந்த மொழிக்கெல்லாம் அம்மா நம் மொழி என்று சொல்லிவிட்டால், பிள்ளை எங்கே போனாலும் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று ஒரு சமாதானம்.

ஆனால் உறவை நிரூபிக்க முறை இருக்கிறது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். ஜானுவும் கெனுவும் சேர்ந்த வழி அதுதான். 1816இல் சென்னையில் எல்லிஸ் என்ற அதிகாரி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் இல்லை, அவை தனிக் குடும்பம் என்று சொற்பட்டியல் போட்டு எழுதினார். கால்டுவெல் வந்து விரிவாக நூல் எழுதுவதற்கு 40 வருஷம் முன்பே. ஒன்றிரண்டு சொல் ஒட்டினால் போதாது. ஒலிகள் வரிசையாக, ஒழுங்காக மாற வேண்டும்.

அந்த ஒழுங்கை நம் முகத்தில் துருத்தி நிற்கிற ஒன்றில் பார்க்கலாம். தமிழில் மூக்கு, மலையாளத்திலும் மூக்கு, தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு. மூக்கோடு நிற்கவில்லை. தமிழில் மொக்கு, தெலுங்கில் மொக்க, கன்னடத்தில் மொக்கு. பின்னிரண்டிலும் நடுவே வருவது 'அக்கா'வின் ககரம் இல்லை, 'அகம்' என்பதை அழுத்திச் சொன்னால் வருகிற ககரம். பக்கத்து ஃப்ளாட்டில் கன்னடக்காரரோ தெலுங்குக்காரரோ இருந்தால் பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். 'க்னீ' என்கிற ஜெர்மானியன் ஆங்கிலேயனுக்கு என்ன உறவோ, அந்த உறவுதான் அவர்கள் நமக்கு.

தமிழுக்குள்ளேயே முகை, முகிழ், முளை, முனை, முகடு, முட்டு, முண்டு, முடிச்சு, முழங்கால் என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதத்தில் வெளியே வருவது, திரள்வது, துருத்துவது. சொல்லும்போது உதடும் குவிந்து முன்னால் வருகிறது. அந்தப் பக்கம் குவி, குமிழ், குன்று, குவடு, கூன், கூம்பு என்று இன்னொரு கூட்டம். ஆங்கிலத்தைச் சொந்தம் கொண்டாடித்தான் பெருமைப்பட வேண்டும் என்ற அவசியமே இல்லாத அளவுக்கு நம் வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மாலை நேரம் போதும். மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்ய அரை நிமிஷம் போதும். நாம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறோம்.

இப்போது இனிஷியலுக்கு வருகிறேன்.

வடக்கே எந்தப் படிவத்தை நிரப்பினாலும் ஒரு கட்டம் நம்மைப் பார்த்து முறைக்கும், கடைசிப் பெயர் என்ன என்று. நமக்கு அது கிடையாது. ஏன் கிடையாது என்பதும் வரலாறுதான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது ஒரு காலத்தில் நம்மிடமும் இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், அந்தப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். ஒரே நாளில் நடந்துவிடவில்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறையில், பெயருக்குப் பின்னால் சாதி போடுவதைக் கூச்சப்படுகிற விஷயமாக ஆக்கிக் காட்டியது தமிழ்நாடு. அதை 'வால்' என்றே சொல்லுவோம். உடம்பிலிருந்து துருத்திக்கொண்டிருந்த ஒன்று, வெட்டிப் போட்டாயிற்று. பின்னால் வால் இல்லை, முன்னால் அப்பாவின் எழுத்து மட்டும்.

அந்த வாலைத்தான் படிவம் திரும்பக் கேட்கிறது. "சர்நேம் என்ன?" என்று கேட்கிறவருக்கு விகல்பம் எதுவும் இல்லை, அவருடைய கட்டம் நிரம்ப வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சிலர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போடுகிறோம். பள்ளியில் பிள்ளையை டீச்சர் தாத்தா பெயரில் கூப்பிடுகிறார். சிலர் ஊர்ப் பெயரைப் போடுகிறோம். அது ஐலண்டின் 'எஸ்' மாதிரி, நல்லெண்ணத்தில் சொருகியது. சிலர் கட்டத்துக்குப் பயந்து இனிஷியலையே விட்டுவிட்டோம், ஆகர் மாதிரி. இன்னும் சிலர், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, தாத்தா வெட்டிய வாலைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். "இங்கே எல்லாரும் போடறாங்க, வித்தியாசமா தெரியக் கூடாது" என்பது காரணம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டைவிரலின் 'பி' தப்பாக ஒட்டியதுதான். எழுநூறு வருஷமாகிவிட்டது, இனி அதுவும் வரலாறு. ஆனால் முழங்காலின் 'கே'யையும் கட்டைவிரலின் 'பி'யையும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஊமையாகத்தான் நிற்கின்றன. எது அசல், எது ஒட்டியது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாராவது கதையைச் சொன்னால்தான் தெரியும். நம் பிள்ளைகளின் பெயரும் அப்படித்தான். முன்னால் நிற்கிற எழுத்து எங்கிருந்து வந்தது, பின்னால் ஏன் எதுவும் இல்லை, அல்லது ஏன் ஒன்று இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சொல்ல வேறு ஆளில்லை.

ஊமை எழுத்துகளை ஒழித்துக்கட்ட ஆட்கள் வந்தது உண்டு. 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முன்னூறு சொற்களை எளிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. அவரும் பின்வாங்கினார். நாம் அந்த விஷயத்தில் தைரியசாலிகள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது, லை, னை எல்லாவற்றுக்கும் மேலே யானைத் துதிக்கை மாதிரி துருத்திக்கொண்டிருந்த சுழி போய்விட்டது. எழுதவும் அச்சடிக்கவும் சுலபமானது. நல்ல காரியம். ஆனாலும் பாட்டி எழுதிய பழைய இன்லண்ட் லெட்டர் வீட்டில் இருந்தால் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அந்தத் துதிக்கையை வாசிக்கத் தெரியாத தலைமுறை வந்துவிட்டது.

எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. வால் போனது நல்லது. துதிக்கை போனதால் நஷ்டமில்லை. முழங்காலின் 'கே' இருப்பதால் யாருக்கும் கால் வலிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தெரிந்து வைத்திருந்து வைத்துக்கொள்வதும் விடுவதும் வேறு, தெரியாமலே தொலைப்பது வேறு.

அதனால் அடுத்த தடவை டிக்டேஷன் நேரத்தில் "இந்தக் கே எதுக்கு?" என்று கேள்வி வந்தால், மனப்பாடம் பண்ணச் சொல்லாதீர்கள். "அது முழங்காலோட இனிஷியல். அதோட சொந்தக்காரங்க ஜெர்மனியில இன்னும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க" என்று சொல்லுங்கள். உடனே அடுத்த கேள்வி வரும், "அப்போ என் இனிஷியல்?" என்று. அதற்கான பதில் உங்களிடம்தான் இருக்கிறது. புத்தகத்திலும் இல்லை, கூகுளிலும் இல்லை.